ஏழு பேர் ஓட்டிய ஒரே லொறி

போன கிழமைப் பத்தியில் எங்கள் கூட்டுறவுச் சங்கக் கந்தோரின் தட்டெழுத்துப் பொறியைப் பற்றி எழுதியிருந்தேன். அதைப் படித்துவிட்டு, என்னோடு அந்தக் காலத்தில் வேலை செய்த ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். "பொறியிலே பிழை பிடிச்சு ரெண்டு பக்கம் எழுதிப்போட்டீர். அந்தப் பொறியிலே நீர் அடிச்ச கூத்தை ஏன் எழுதேல்லை?" என்று கேட்டிருக்கிறார்.

நியாயமான கேள்வி. மறைக்கத்தான் நினைத்தேன். ஆள் உயிரோடு இருக்கும்போது மறைக்க முடியாது. ஆகவே இந்தக் கிழமை என் மானத்தை நானே கப்பலேற்றுகிறேன்.

கொழும்பு மருதானையில் ஒரு முட்டு ஒழுங்கை, மறுபக்கம் வழியில்லாத குறுகிய தெரு. அதன் கடைசியில், சப்பாத்துக் கடை ஒன்றின் மேல்மாடியில், வெளிநாட்டுக்கு ஆள் அனுப்புகிற ஏஜென்சி இருந்தது. மரப்படியேறி உள்ளே போனால் மின்விசிறிச் சத்தம். மேசை நிறையக் கடதாசிகள். அவை பறக்காமலிருக்க ஒன்றின் மேல் மைக்கூடு, ஒன்றின் மேல் சாவிக்கொத்து, ஒன்றின் மேல் பாதி குடித்த பிளேன்ரீக் கோப்பை.

ஏஜென்சிக்காரர் ஒரு கோப்பு மட்டையைத் திறந்து, ஆறு கடதாசிகளை எடுத்து, நான் கொண்டுபோன ஒன்றையும் சேர்த்து, சீட்டாட்டத்துக்குப் பரப்புவதுபோல என் முன்னால் பரப்பினார்.

"மாஸ்டர், இதெல்லாம் நீங்க அடிச்சதுதானே?"

ஏழும் சாரதிகளுக்கான சேவைச் சான்றிதழ்கள். ஏழும் என் ஆங்கிலம். ஏழிலும் எங்கள் கூட்டுறவுச் சங்கத்தின் முத்திரை. கீழே எங்கள் முகாமையாளரின் கையொப்பம், அவசரத்தில் போட்டது.

"இதைப் பாருங்க. 'இடுக்கான பாதையிலும் நிதானம் இழக்காதவர்.' இதையும் பாருங்க. 'இடுக்கான பாதையிலும் நிதானம் இழக்காதவர்.' உங்க ஊர்ல எல்லாருமே நிதானமான ஆக்கள்தானா மாஸ்டர்?"

நான் ஒரு கடதாசியை நேராக்கி வைத்தேன்.

"அது போகட்டும். ஏழு பேரும் ஒரே பச்சை லொறியை, ஒரே நம்பர் லொறியை, ஒரே பத்து வருஷம் ஓட்டியிருக்காங்க. ஒருத்தர் மடியில ஒருத்தர் இருந்தா ஓட்டினாங்க?"

எனக்குப் பின்னால், செருப்பை வாசலில் கழற்றிவிட்டு, கைகட்டி நின்றவர் மஜீது நானா, அதாவது மஜீது அண்ணன், எங்கள் சங்கத்துச் சாரதி. அந்த ஏழு பேரில் பச்சை லொறியை மெய்யாகவே ஓட்டிய ஒரே மனிதர் அவர்தான். அவருடைய சான்றிதழின் குறுக்கேதான் சிவப்பு மையால் 'போலி' என்று எழுதியிருந்தது.

லொறி இருந்தது, ஆள் இல்லை

இந்தச் சங்கடம் எப்படி வந்தது என்று சொல்ல வேண்டும்.

எழுபதுகளின் கடைசி. அரசாங்கம் மாறி, கடைகளில் சாமான் நிறையத் தொடங்கிய காலம். அதே கையோடு வெளிநாட்டுக் கதவும் திறந்தது. சவுதி, குவைத், துபாய் என்று ஊரெல்லாம் ஒரே கதை. கொத்தன், தச்சன், வெல்டர் என்று போனார்கள். எல்லாரையும்விட விலை போனவர்கள் பாரவண்டிச் சாரதிகள். லொறி லைசன் வைத்திருந்தவன் தேநீர்க் கடைக்குள் வந்தால், மாப்பிள்ளை வந்தமாதிரி நாலு பேர் எழும்பி இடம் கொடுத்தார்கள்.

இருபது வருஷத்துக்கு முந்தி நிலைமை தலைகீழ். வெள்ளைக்காரக் கடற்படை எங்கள் ஊர்த் துறைமுகத்தை விட்டுப் போனபோது, தளத்தில் லொறி ஓட்டின ஆட்கள் வேலையில்லாமல் வாசலில் நின்றார்கள். துறைமுக வீதியில் காலையில் போனால், சலவை மடிப்புக் கலையாத காற்சட்டையோடு சாரதிகள் வரிசையாகக் குந்தியிருப்பார்கள். ஒரு நாள் ஓட்டத்துக்கு ஆள் வேண்டுமென்று யாராவது கை காட்டினால் பத்துப் பேர் ஓடுவார்கள். சைக்கிளில் பள்ளிக்கூடம் போகும்போது நான் கண்டது இது. அந்த ஊரில் சாரதிப் பஞ்சம் வரும் என்று யாராவது சொல்லியிருந்தால் சிரித்திருப்பேன்.

வந்தது. எங்கள் சங்கத்துக்கு நாலு லொறி. ஒருவர்பின் ஒருவராகச் சாரதிகள் போக, லொறிகள் முற்றத்தில் நின்றன. ஒன்றின் அடியில் காவலாளியின் கோழி அடைகாத்தது. இன்னொன்றின் ரயர் வெயிலில் வெடித்தது. புது லொறி வேண்டுமென்றால் கொழும்புக்கு எழுதலாம். புதுச் சாரதிக்கு எங்கே எழுதுவது?

மூதூர்ப் பக்கம் எப்படியோ சமாளித்தது. அங்கே லோஞ்சில், மோட்டார்ப் படகில், கடல் வழியே சாமான் போகும். வடக்கேதான் கஷ்டம். உப்புவெளி, நிலாவெளி, இறக்கக்கண்டி, அதற்கும் அப்பால் என்று கடற்கரையோரம் எங்கள் கிளைக் கடைகள் இருந்தன. அங்கே கோதுமை மா, சீனி, மண்ணெண்ணெய் எல்லாம் எங்கள் லொறியில்தான் போக வேண்டும். மீனவர்களுக்கு ஐஸ் கொண்டுபோனதும் அதே லொறிதான். ஐஸ் போகாத நாளில் நல்ல அறுக்குளா மீன் உப்புக்குள் இறங்கிக் கருவாடாகிவிடும்.

ஒரு மாரியில் மஜீது நானா காய்ச்சலில் விழுந்தார். மிச்சமிருந்த ஒரே சாரதி அவர்தான். ஒரு கிழமை பார்த்தோம். பிறகு முகாமையாளர் சிவஞானம் ஐயா, வயல்காரர் ஒருவரின் டிராக்டரைப் பிடித்துப் பெட்டியில் மா மூட்டைகளை ஏற்றி அனுப்பினார். நிலாவெளி தாண்டியதும் மழை. மூடியிருந்த படங்கு காற்றில் கிழிந்துவிட்டது.

இரண்டு நாள் கழித்து நான் இறக்கக்கண்டிக் கிளைக்குப் போனேன். அங்கே விற்பனையாளராக இருந்த பரமேஸ்வரி, ஒரு மூட்டையைச் சிமெந்துத் தரையில் கிடத்தி, உலக்கையால் இடித்துக்கொண்டிருந்தாள். நனைந்த மா இறுகிக் கல்லாகியிருந்தது.

"என்ன பிள்ளை செய்யிறாய்?"

"மா விக்கிறன் ஐயா," என்றாள். "கட்டியாக் கொடுத்தா ஏசுறாங்க. இடிச்சுக் கொடுத்தாப் பூஞ்சணம் மணக்குது எண்டு ஏசுறாங்க. நீங்களே சொல்லுங்கோ, எந்த ஏச்சு நல்லம்?"

வரிசையில் நின்ற பெண்கள் அதையும் வாங்கிக்கொண்டுதான் போனார்கள். அந்தக் கிழமை முழுக்க அந்தப் பக்கத்து அடுப்புகளில் மரவள்ளிக் கிழங்குதான்.

வெள்ளைக்காரன் எழுதின வசனம்

சாரதிகள் போனதற்கு வெளிநாட்டுச் சம்பளம் ஒரு காரணம் என்றால், என் பொறி இன்னொரு காரணம்.

வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கச் சேவைச் சான்றிதழ் வேண்டும். ஆங்கிலத்தில் வேண்டும். எங்கள் சங்கத்தில் ஆங்கிலம் அடிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மிஷன் பள்ளிக்கூடத்து ஆங்கிலம். அதில் எனக்குக் கொஞ்சம் தலைக்கனமும் இருந்தது.

முதல் சாரதி வந்து கேட்டபோது எப்படி எழுதுவதென்று தெரியாமல் முழித்தேன். பக்கத்தில் நின்ற மஜீது நானா, "தம்பி, என்னட்ட ஒண்டு கிடக்கு. அதைப் பாத்து அடியுங்க" என்றார். மறுநாள் ஒரு தகரப் பெட்டியிலிருந்து மஞ்சள் பிடித்த கடதாசி ஒன்றைக் கொண்டுவந்தார். அவர் முன்பு லொறி ஓட்டிய கடற்படைத் தளத்தை மூடும்போது, அங்கிருந்த வெள்ளைக்கார அதிகாரி அவருக்கு எழுதிக் கொடுத்தது.

என்ன வசனங்கள்! மதுவைத் தொடாதவர். இடுக்கான பாதையிலும் நிதானம் இழக்காதவர். இவர் எங்களை விட்டுப் போவது எங்களுக்கு நட்டம், இவரை எடுப்பவர்களுக்கு லாபம். இளவயது மஜீது நானாவின் கைப்பழக்கத்தை அந்த அதிகாரி பார்த்து, ரசித்து எழுதிய ஆங்கிலம். வாசித்ததும் எனக்கு ஆசையாகிவிட்டது. அப்படியே எடுத்தேன்.

மாதிரிக்கென்று முதலில் மஜீது நானாவின் பெயரிலேயே ஒன்று அடித்து, அவர் ஓட்டிய பச்சை லொறியின் இலக்கத்தையும் வருஷங்களையும் சேர்த்து, மேசை லாச்சிக்குள் வைத்துக்கொண்டேன். பிறகு வந்தவர்களுக்கெல்லாம் பெயரை மட்டும் மாற்றினேன். லொறி இலக்கத்தை மாற்ற வேண்டும் என்று எனக்குத் தோன்றவில்லை. சோம்பல் என்று சொன்னால் கௌரவம். உண்மையில், அந்தக் கடதாசியின் அழகைக் கெடுக்க எனக்கு மனம் வரவில்லை.

மூன்று சாரதிகள் அப்படிப் போனார்கள். பிறகு கிளீனர்கள் வரத் தொடங்கினார்கள். லொறியில் ஏறி இறங்கி மூட்டை தூக்கியவர்கள். முற்றத்துக்குள் லொறியை முன்னும் பின்னும் நகர்த்திப் பழகியவர்கள்.

"ஐயா, ஒரு பத்து வருஷம் போட்டு விடுங்கோ. உங்களுக்குப் புண்ணியம்."

இல்லையென்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒருவனுக்கு நோயாளித் தாய். ஒருவனுக்குக் கலியாணமாகாத மூன்று அக்காமார். என் கையில் இருப்பதோ ஒரு வசனம். அதைக் கொடுத்தால் என்ன குறைந்துவிடும்? சிவஞானம் ஐயாவும் வாசிக்காமலே கையொப்பம் வைத்தார். மூன்று கிளீனர்களும் போனார்கள்.

அவர்களில் ஒருவன் போன மூன்றாம் நாளே, தண்ணீர் பவுசர் லொறியைப் பின்னுக்கு எடுக்கிறேன் என்று முதலாளியின் புதுக் காரைத் தட்டையாக்கிவிட்டானாம். ஆள் திரும்பி வந்தான். ஏஜென்சிக்காரர் தன் கோப்பைத் திறந்து பார்க்கத் தொடங்கினார்.

அந்த நேரம் பார்த்துத்தான் மஜீது நானா தன் விண்ணப்பத்தைப் போட்டார்.

நாலு பொம்பிளைப் பிள்ளை

அவர் முகாமையாளரிடம் கேட்ட நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. சிவஞானம் ஐயா கதிரையில் சாய்ந்து தலையில் கை வைத்தார்.

"நீங்களும் போனா வடக்குப் பக்கத்துக்கு ஆர் போறது, மஜீது?"

"பத்து வருஷத்துக்கு மேலாப் போறன் ஐயா. ஒரு நாளும் ஏலாது எண்டு சொன்னதில்ல. வாற மாசியோட எனக்கு நாப்பத்தஞ்சு. அதுக்கு மேல எடுக்கமாட்டாங்களாம். நாலு பொம்பிளைப் பிள்ளை ஐயா எனக்கு."

மேற்கொண்டு விளக்கம் வேண்டியிருக்கவில்லை. எங்கள் கிழக்கில் பெண்ணுக்கு வீடு கட்டிக் கொடுத்துத்தான் கலியாணம். நாலு பெண் என்றால் நாலு வீடு. சங்கச் சம்பளத்தில் ஒரு வீட்டின் சுவரை யன்னல் உயரத்துக்குக் கொண்டுவரவே அவருக்கு ஆறு வருஷம் எடுத்தது. ஐயா கையொப்பம் வைத்தார். பேனையை மூடும்போது என்னைப் பார்க்கவில்லை.

மூன்று கிழமையில் சான்றிதழ் சிவப்பு மையோடு திரும்பி வந்தது. கூடவே ஏஜென்சியின் குறிப்பு: இது ஏற்கெனவே வந்த ஆறு கடதாசிகளின் பிரதி. இணைத்திருக்கும் பழைய கடற்படைக் கடதாசியும் அதே வசனங்களைப் பார்த்து எழுதி, தேயிலைச் சாயத்தில் ஊறவைத்துப் பழசாக்கியது.

மூலத்தைப் பிரதி என்றார்கள். மெய்யானதை எல்லாவற்றிலும் கெட்டிக்காரப் பொய் என்றார்கள்.

இப்போது சொல்ல வெட்கமாக இருப்பதைச் சொல்கிறேன். அந்தக் குறிப்பை வாசித்ததும் முதலில் எனக்கு வந்தது நிம்மதி. சிவஞானம் ஐயாவுக்கும் அதே. "கவலையாத்தான் கிடக்கு," என்று சொல்லிக்கொண்டே அடுத்த கிழமைக்கான லொறி ஓட்டத்தைக் கரும்பலகையில் மஜீது நானாவின் பெயருக்கு நேரே எழுதினார். மா போகும். ஐஸ் போகும். பரமேஸ்வரிக்கு உலக்கை வேண்டாம். எல்லாருக்கும் நல்லது. ஒருவரைத் தவிர. இரண்டு நாள் நான் ஒன்றும் செய்யாமல் இருந்தேன்.

மூன்றாம் நாள் கணக்கெடுப்புக்கு இறக்கக்கண்டி போனேன். திரும்பும் வழியில் மஜீது நானாவின் வீட்டுக்கு முன்னால் சைக்கிளை நிறுத்தினேன். ஓலை வீடு. பக்கத்தில் அந்த யன்னலளவுச் சுவர். அதன் மேல் பாசி. அவர் மனைவி சுபைதா வேலியில் மீன் வலை காயப்போட்டுக்கொண்டிருந்தார். என்னைக் கண்டதும் முக்காட்டை இழுத்துவிட்டு, குசினிக்குள் போய்த் தேநீர் கொண்டுவந்தார். மரியாதையில் ஒரு குறையும் இல்லை.

"தம்பி, குறை நினைக்கப்படாது. ஒண்டு கேக்கலாமா?"

"கேளுங்கோ."

"எங்கட ஊட்டு மனிசன் இருவது வருஷத்துக்கு மேல லொறி ஓட்டுறார். அதைக் கள்ளம் எண்டு சொல்லுறாங்க. மூட்டை தூக்கின பொடியன்மாரெல்லாம் றைவர் எண்டு போயிட்டாங்க. இது எப்பிடி நடந்தது?"

அவருக்குத் தெரியாமல் கேட்கவில்லை. தெரிந்துதான் கேட்டார். நான் தேநீரைக் குடித்தேன். சீனி போட்டிருந்தார், சீனி தட்டுப்பாடான கிழமை அது.

பின்னுக்கு

அடுத்த வாரம் மா ஏற்ற மஜீது நானா கொழும்புக்குப் போக வேண்டியிருந்தது. நானும் வருகிறேன் என்று லொறியில் ஏறினேன். பற்றுச்சீட்டில் ஏதோ பிழை, நேரில் போய்த் திருத்த வேண்டும் என்று முகாமையாளரிடம் சொன்னேன்.

சிவஞானம் ஐயா கரும்பலகையில் என் பெயரையும் எழுதினார். "என்ன பிழை எண்டு நான் கேக்கேல்லை," என்றார். "திருத்திப்போட்டு வாரும்."

அப்படித்தான் அந்த மேல்மாடிக் கந்தோரில், என் ஏழு கடதாசிகளின் முன்னால் நான் உட்கார்ந்திருந்தேன்.

எல்லாவற்றையும் ஒத்துக்கொண்டேன். இந்த வசனங்களின் சொந்தக்காரர் இவர்தான். மற்றவர்களுக்கு இவருடைய உடுப்பை எடுத்து உடுத்திவிட்டவன் நான். தண்டனை எனக்குத்தான் வர வேண்டும் என்றேன்.

ஏஜென்சிக்காரர் கேட்டுக்கொண்டிருந்தார். கெட்ட மனிதரல்ல, களைத்த மனிதர். "மாஸ்டர், நீங்க இப்ப சொல்றது உண்மையா இருக்கலாம். ஆனா நீங்க எழுதித் தந்ததும் உண்மை மாதிரித்தான் இருந்திச்சு. உங்கள நான் எப்பிடி நம்புறது?"

மஜீது நானா ஓர் அடி முன்னே வந்தார்.

"ஐயா, லொறி தெருவில நிக்குது. மா ஏத்தினபடி."

ஏஜென்சிக்காரர் யன்னலுக்குப் போய்க் கீழே எட்டிப் பார்த்தார். அந்த ஒழுங்கையைச் சொல்ல வேண்டும். இரண்டு பக்கமும் திறந்த சாக்கடைக் கான். ஒரு வாசலில் தையல்காரர் பொறியைப் போட்டு மிதித்துக்கொண்டிருந்தார். சுவரோரம் மூன்று கைவண்டிகள். குறுக்கே கொடியில் சாரங்கள் காய்ந்தன. சின்னக் கார் வந்தாலே வீட்டுக்காரர் வெளியே வந்து பார்ப்பார்கள்.

"இதுக்குள்ள கொண்டு வருவீங்களா?"

"முன்னுக்கு வந்தா அது என்ன வேலை ஐயா?" என்றார் மஜீது நானா. "பின்னுக்கு வாறன்."

முதலில் அவர் ஒழுங்கையை அடியிலிருந்து வாய்வரை நடந்தார். கைவண்டிக்காரர்களிடம் ஏதோ சொல்லிச் சிரித்தார். அவர்கள் வண்டியை ஒரு சாண் உள்ளே தள்ளினார்கள். வழியில் கிடந்த ஒரு குழந்தைச் செருப்பை எடுத்து வாசற்படியில் வைத்தார். சாரங்களைக் கழற்றச் சொல்லவில்லை. கொடியின் உயரத்தை நிமிர்ந்து பார்த்துக்கொண்டு போனார்.

பிறகு லொறி வந்தது. மூட்டைகளோடு, முதுகைக் காட்டிக்கொண்டு, பச்சை லொறி அந்த ஒழுங்கைக்குள் வந்தது. கத்தி வழிகாட்ட ஆளில்லை. ஒரு தரம்கூட நின்று முன்னுக்குப் போகவில்லை. சாரங்கள் படங்கின் மேல் தடவிக்கொண்டு போயின, ஒன்றும் விழவில்லை. ஏஜென்சிக்காரரின் வாசற்படிக்கு ஒரு முழம் முன்னால் லொறி நின்றபோது, தையல்காரரின் பொறிச் சத்தம் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தது. அவர் காலை எடுக்கவேயில்லை.

ஏஜென்சிக்காரர் கீழே இறங்கி, லொறிக்கும் சுவருக்கும் நடுவே கையை விட்டுப் பார்த்தார். இந்தப் பக்கம் நாலு விரல். சுற்றிப்போய் அந்தப் பக்கமும் பார்த்தார்.

மேலே வந்து, சிவப்பு மையில் எழுதியிருந்ததை வெட்டிவிட்டு, 'சரி' என்று தன் கையால் எழுதினார். அடுத்த மாதம் முதல் கிழமை பயணம். இரண்டு வருஷ ஒப்பந்தம்.

"மாஸ்டர்," என்றார் என்னிடம். "உங்க இங்கிலீஸ் நல்ல இங்கிலீஸ். ஒரு ஆளுக்கு மட்டும் எழுதியிருக்கணும்."

திரும்பும் வழியில் தம்புள்ளை வரைக்கும் மஜீது நானா வாய் திறக்கவில்லை. சந்தோஷத்தில் பேச்சு வரவில்லையாக்கும் என்று நானும் விட்டுவிட்டேன். ஹபரணைக் காட்டுப் பாதையில் அவராகவே தொடங்கினார்.

"தம்பி, உள்ளதைச் சொல்லுறன். பின்னுக்கு எடுக்கக்குள்ள ஒருக்கா நினைச்சன், சுவரில லேசா உரசிவிட்டா என்ன எண்டு."

எனக்கு விளங்கவில்லை. "ஏன் நானா?"

"உரசினா ஏஜென்சிக்காரன் ஏலாது எண்டிருப்பான். ஊட்டிலயும் ஒண்டும் சொல்லமாட்டாங்க. நான் பாட்டுக்கு மா ஏத்திக்கொண்டு இறக்கக்கண்டிக்குப் போவன். பிள்ளைகளையும் பாத்துக்கொண்டு கிடப்பன்."

"பிறகு?"

"கை கேக்கேல்லை தம்பி," என்றார். ஸ்ரேரிங்கில் இருந்த கையை ஒரு தரம் பார்த்துவிட்டு, பாதையைப் பார்த்தார். எனக்கு அழுகை வந்தது. காட்டுப் பக்கம் யானை தெரிகிறதா என்று பார்ப்பதுபோலத் தலையைத் திருப்பிக்கொண்டேன்.

கடை வாசலில்

அன்றிரவு மஜீது நானா சங்க முற்றத்திலேயே படுத்தார்; மறுநாள் காலை பச்சை லொறி இறக்கக்கண்டிக்குப் போனது. நானும் கூடவே போனேன். செய்தியை சுபைதாவிடம் நானே சொல்ல வேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம். குற்றம் செய்தவனுக்கு அவ்வளவாவது வேண்டும்.

சங்கக் கடை வாசலில் பெரிய வரிசை. ஒரு கிழமையாக மாவுக்குக் காத்திருந்த சனம். லொறி திரும்பியதும் சின்னப் பிள்ளைகள் கத்திக்கொண்டு பின்னால் ஓடினார்கள். "நானா வந்திட்டார்! நானா வந்திட்டார்!" பரமேஸ்வரி வாசலுக்கே வந்துவிட்டாள். ஒரு மனிதர் மஜீது நானாவுக்கு பீடி பற்றவைத்துக் கொடுத்தார். அவர் லொறியின் மேல் ஏறி, மூட்டைகளை ஒவ்வொன்றாகத் தோள்களுக்கு இறக்கிக் கொடுத்தார். எல்லாருக்கும் சிரித்துப் பதில் சொன்னார். பயணத்தைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லை. யாரும் கேட்கவுமில்லை, ஏஜென்சி மறுத்துவிட்டது என்றுதான் ஊருக்கு எட்டியிருந்தது.

சுபைதா வரிசையில் நின்றார். சாரதியின் மனைவி என்று முன்னுக்கு வருகிற பழக்கம் அவருக்கு இல்லை. மா வாங்க ஒரு தலையணை உறையைத் தோய்த்துக் கொண்டுவந்திருந்தார். நான் பக்கத்தில் போய் மெல்லச் சொன்னேன்.

"சரிவந்திட்டுது அக்கா. வாற மாசம் பயணம்."

அவர் கண்ணை மூடி, "அல்ஹம்துலில்லாஹ்" என்றார். முக்காட்டு நுனியால் முகத்தைத் துடைத்தார். "உங்களுக்குப் பெரிய நன்றி தம்பி. மூத்தவட ஊட்டுக்கு இனிக் கூரை ஏறும்." முகம் அப்படியே மலர்ந்திருந்தது. என் நெஞ்சில் இருந்த பாரம் இறங்கியது போலிருந்தது.

வரிசை நகர்ந்தது. அவருடைய முறை வந்தது. பரமேஸ்வரி கரண்டியை மூட்டைக்குள் விட்டு, "எவ்வளவு அக்கா?" என்றாள்.

சுபைதா மூட்டையைப் பார்த்துக்கொண்டு நின்றார். லொறியின் மேல் நின்ற தன் புருஷனைப் பார்த்தார். பிறகு என்னிடம் திரும்பினார். முகத்திலிருந்த மலர்ச்சி போய்விட்டது.

"தம்பி, இந்த மா எத்தினை நாளைக்குப் பழுதாகாமக் கிடக்கும்?"

"வண்டு விழாட்டி ரெண்டு மாசம் கிடக்கும் அக்கா."

"ரெண்டு மாசம்," என்றார். "அவர் போறது ரெண்டு வருஷத்துக்கு."

பின்னால் நின்ற ஒரு பெண்ணுக்குப் பொறுமை போய்விட்டது.

"கெதியா வாங்குங்கோ சுபைதாக்கா! என்னத்துக்கு யோசிக்கிறயள்? அடுத்த கிழமையும் உங்கட மனிசன்தானே கொண்டருவார்!"

வரிசை முழுக்கச் சிரித்தது. மஜீது நானாவும் மேலே நின்று சிரித்தார். சுபைதா திரும்பிப் பார்க்கவில்லை. தலையணை உறையின் வாயை இரண்டு கையாலும் அகல விரித்துப் பிடித்தார்.